அல்லிராணிக் கோட்டையின் இருட்டு

இலங்கையின் மன்னாரைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பள்ளிமுனைப் பெருக்க மரமோ, தலைமன்னாரின் பழைய இறங்குதுறையோ, அரிப்பில் கடல் தின்னும் அல்லிராணிக் கோட்டையோ, எதுவானாலும் வானத்தைக் கறுப்பாக்கி ஓரங்களை இருட்டினால் 'மர்மம்' வந்துவிடுகிறது. குறை சொன்னால் பிரெஞ்சுக் குறியீட்டியக் கலைஞர் ஒடிலோன் ரெடோனைத் துணைக்கு அழைக்கிறார்கள். அவரும் கறுப்பில்தானே கனவு கண்டார் என்கிறார்கள்.

கண்டார், உண்மை. மன்னாரின் உச்சி வெயிலில் நிறங்கள் வெளுத்து வடிவம் மட்டுமே மிஞ்சுவதும் உண்மை. பெருக்க மரத்தின் பருத்த அடியைக் கறுப்பு வெள்ளையில் பார்த்தால் கண் அங்கேயே தங்கிவிடும். அந்தப் படங்களில் சில எனக்கும் பிடிக்கும்.

ஆனால் ரெடோனின் கறுப்பைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 1882இல் எழுத்தாளர் எட்கர் போவுக்கென அவர் வெளியிட்ட கல்லச்சுத் தொகுப்பில் ஒரு பெருங்கண் பலூனாக மேலெழுகிறது. அதன் அடியில் தட்டில் ஒரு தலை. பார்ப்பவர்கள் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிறார்கள். கீழே நீர்க்கரையில் ஒரு செடி நிற்கிறது, இலைகள் கூராகத் தெரிய. தாவரவியலாளர் ஆர்மான் கிளாவோவிடம் செடிகொடிகளைப் பற்றிக் கற்றவர் வரைந்த செடி அது. கல்லில் கறுப்பைப் பூசி, பிறகு சுரண்டிச் சுரண்டி வெளிச்சத்தை மீட்டவர் அவர். தெரிந்ததைப் பற்றிக்கொண்டு தெரியாததை நோக்கி நடந்தது அந்த இருட்டு.

நம் படங்களின் இருட்டு தெரிந்ததையும் மறைக்கிறது. அல்லிராணிக் கோட்டை எந்த ராணியின் கோட்டையும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துக் குளிக்கும் சலாபத்தை மேற்பார்வையிட பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் கட்டிய மாளிகை அது. செங்கல்லும் சிப்பிச் சுண்ணாம்பும். சாந்து உதிர்ந்த இடத்தில் செங்கல்லின் சிவப்பைப் பார்த்தே எது அண்மையில் உடைந்தது, எது எப்போதோ உடைந்து கறுத்தது என்று சொல்லிவிடலாம். அந்தச் சிவப்பைச் சாம்பலாக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. கடல் இன்றைக்கு அரித்துக்கொண்டிருப்பது பேய்வீட்டின் அழகாகிவிடுகிறது. கல்லில் கால் வைத்து மூச்சடக்கி இறங்கிய குளிகாரர்கள் எங்கே? அவர்கள் அள்ளி வந்த முத்து யாருடைய கருவூலத்துக்குப் போனது? பதில் உள்ள கேள்விகள் இவை. பதில் உள்ள இடத்தில் புகை போடுவதை மர்மம் என்று நான் ஒப்பமாட்டேன்.

1890களில் ரெடோன் கறுப்பை விட்டு மெல்ல மெல்ல வண்ணத்துக்கு வந்தார், பூக்களைத் தீட்டினார். அந்தப் படங்களை இங்கே எவரும் துணைக்கு அழைப்பதில்லை.