தெரியாது என்பதில் இரண்டு

திருகோணமலைத் துறைமுகக் கரையில் “வள்ளம் எங்க?” என்றால் கேள்வி. “வள்ளம் எங்கயெண்டு தெரியேல்ல” என்றால் பதில். எந்தச் சொல்லும் இடம்பெயரவில்லை. ‘எண்டு’ வந்து ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்த துறைமுகம் இது. அந்தப் பிரித்தானியரின் ஆங்கிலத்திலோ ‘வேர் இஸ் த போட்’ என்ற கேள்வி, இன்னொரு வாக்கியத்துக்குள் நுழைந்ததும் ‘வேர் த போட் இஸ்’ என்று மாறி நிற்கவேண்டும். அதைவிட எனக்குப் பிடித்தது ‘ரியலி’. ‘ஐ ரியலி டோன்ட் நோ’ என்பவருக்குச் சத்தியமாக ஒன்றும் தெரியாது. ‘ஐ டோன்ட் ரியலி நோ’ என்பவருக்கு ஏதோ கொஞ்சம் தெரியும். ஒரு சொல் சற்றே நகர்ந்ததற்கு இவ்வளவு! இங்கே முன்னவர் “உண்மையாத் தெரியாது” என்பார். பின்னவர் “வடிவாத் தெரியாது” என்பார். வள்ளத்தைத் தேடுகிறவர் பின்னவரிடம்தான் பேச்சுக் கொடுக்கவேண்டும்.