சட்டியடிச் சூடு

பால்கோவாவை டப்பாவில் வாங்கிப் போகிறவர்களோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. அதுவும் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரக்குதான். 2019இல் வந்த புவிசார் குறியீடு அதற்கும் பொருந்தும். ஆனாலும் அது மறுநாள் தின்கிற பண்டம். சட்டி இறங்கிய கால் மணி நேரத்துக்குள், கடை வாசலிலேயே நின்று, இலைத் துண்டில் ஐம்பது கிராம் வாங்கி, பக்கத்துக் கடையில் சீனி போடாத ஸ்ட்ராங் டீ ஒன்றும் சொல்லி, ஒரு வாய் இது ஒரு வாய் அது என்று தின்று பார்த்தவனுக்கு அந்த டப்பா மேல் அப்புறம் ஆசை வராது.

நேரம் முக்கியம். மத்தியானக் கறவைப் பால் மூன்று மணி சுமாருக்குச் சட்டி ஏறினால், நாலு, நாலேகாலுக்கு இறங்கும். காலைக் கறவையில் செய்தது அதற்குள் ஆறி, இறுகி, கண்ணாடிப் பெட்டிக்குள் போயிருக்கும். கேட்டால் அதைத்தான் கொடுப்பார்கள். “அடுப்புல இருக்கிறது எப்பண்ணே இறங்கும்?” என்று கேட்கத் தெரிய வேண்டும். கேட்ட மாத்திரத்தில் கடைக்காரர் முகம் மாறும். “ஒரு பத்து நிமிஷம் உட்காருங்க அண்ணாச்சி” என்று ஸ்டூலை நகர்த்திப் போடுவார். ஆண்டாள் கோயில் பக்கத்து வீதிகளில் ஸ்டூல் போடுகிற கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன என்பது என் முதல் குறை. மற்ற குறைகளுக்கு வருகிறேன்.

நான் ஒரே ஒரு மாஸ்டரை நம்பி இருக்கிறவன். பேர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கோயிலிலிருந்து கொஞ்சம் தள்ளி, பெயர்ப்பலகை வெளிறிப்போன கடையின் பின்கட்டில் நிற்கிறார். அவர் கையைப் பார்ப்பதற்காகவே நான் பத்து நிமிஷம் முன்னால் போவது வழக்கம். மற்றவர்கள் துடுப்பை வட்டமாகச் சுற்றுவார்கள். இவர் சுற்ற மாட்டார். சட்டியின் அந்த ஓரத்தில் தொட்டு, அடியை வழித்துக்கொண்டு இந்த ஓரம் வரை ஒரே இழுப்பு. அதே வேகத்தில் திரும்ப ஒரு தள்ளல். ஓரத்தில் படர்கிற ஏட்டைக் காய விடாமல் உடனே நடுவில் தள்ளிவிடுவார். அந்த ஏடுதான் பின்னால் நாக்கில் மெல்லிய திரியாகத் தட்டுப்படுவது. ஏடு ஓரத்திலேயே ஒட்டிக் காய்ந்தால் தீய்ந்த வாடை வரும்; அதிகம் சுற்றினால் எல்லாம் ஒன்றாக மசிந்து பசை மாதிரி வழவழப்பாகிவிடும். பால்கோவா வழவழவென்று இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஒரு கூட்டம் உண்டு. மில்க் ஸ்வீட்டில் வளர்ந்த நாக்கு அவர்களுக்கு. எனக்கு அந்த மணல் பதம் வேண்டும்.

அடுப்பில் திருகுகிற குமிழ் கிடையாது. புளிய விறகு, இல்லையென்றால் முந்திரிக்கொட்டைத் தோடு. தோட்டில் எண்ணெய் இருப்பதால் தீ ஆங்காரமாக எரியும். பால் பொங்கிச் சுண்டுகிற முதல் கட்டத்துக்கு அந்த ஆங்காரம் வேண்டியதுதான். பிந்திய கட்டத்தில்தான் மாஸ்டர் யார் என்பது தெரியும். பால் தண்ணியாக இருக்கும்வரை சட்டியில் சளசளவென்று ஒரே சத்தம். சுண்டச் சுண்ட அது குறைந்து, பொத், பொத் என்று விட்டுவிட்டுக் குமிழி வெடிக்கும். எங்கள் மாஸ்டர் அந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு காதைக் கொடுப்பார். இரண்டு பொத்துக்கு நடுவே இடைவெளி அவர் நினைத்த அளவுக்கு நீண்டதும், காலாலேயே விறகை வெளியே தள்ளிவிடுவார். மிச்ச வேலையை இரும்புச் சட்டியின் சூடு முடித்துவிடும். அடுப்பு மேலேயே இறுக விட்டால் இலைக்கு வரும்போது கட்டி. முந்தி இறக்கினால் கூழ். இவர் இறக்குவது இலையில் விழுந்ததும் கொஞ்சம் பரவி, பரவி முடிக்காமல் நின்றுவிடும்.

நிறமும் அந்த நெருப்பு கொடுத்ததுதான். பாலின் புரதமும் பாலுக்குள்ளேயே இருக்கிற இனிப்பும் சூட்டில் சேர்ந்து சிவக்கிற நிறம் அது. வெளுப்பாகக் கிடைத்தால் நீராவிக் கொதிகலனில் செய்ததோ என்று நான் சந்தேகப்படுவேன். செண்பகத்தோப்பு அடிவாரத்துப் புல்லை மாடு மேய்வதால்தான் இந்த ருசி என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். புல்லுக்குப் பங்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே பாலை வேறு கையில் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். என் ஓட்டு அடுப்புக்கும் கைக்கும்தான்.

சீனிக் கணக்குக்கு வருவோம். பத்து லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ என்பது பழைய கணக்கு. பால் அசலாக இருந்தால் அது சுண்டி மூன்று கிலோ சொச்சம் நிற்கும். சீனியைக் கூட்டினால் எடை கூடும், சீக்கிரம் இறுகும், அடுப்பில் நேரமும் மிச்சம். வியாபாரத்துக்கு இவ்வளவு வசதியான தப்பு வேறு இல்லை. போதாததற்கு வெண்ணெய் எடுத்த பாலும் சேர்ந்துவிட்டால், வாயில் முதலில் இனிப்பு, அப்புறமும் இனிப்பு, பால் வாசனை எங்கே என்று தேட வேண்டியதுதான். போன வருஷம் ஒரு கடையில் அப்படி வாங்கிவிட்டு டீக்காரரிடம் இன்னொரு டீ கேட்டேன், வாயைக் கழுவ.

என் திருநெல்வேலி சிநேகிதர் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார். “நாலு நாள் தாங்காத பண்டத்துக்கு இவ்வளவு ஆலாபனையா?” என்பது அவர் கட்சி. அல்வா தாங்கும், நாளாக நாளாக நெய் கக்கிக்கொண்டு இன்னும் நன்றாகவும் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். கோதுமைப் பாலும் நெய்யும் சேர்ந்தது அப்படித்தான் நிற்கும். பசும்பால் அப்படி நிற்காது, நிற்கவும் வேண்டாம். ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள்தான் ஜெயித்தார்கள். இருட்டுக்கடை வாசலில் சாயங்காலம் போய்ப் பாருங்கள்: மூட்டை மூட்டையாகப் பார்சல் கட்டுகிற கூட்டத்துக்கு நடுவே, நூறு கிராமைச் சூடாகக் கையில் வாங்கி அங்கேயே வழித்துத் தின்றுவிட்டு நகர்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. தாங்குகிற பண்டத்தை அவர்கள் நின்று தின்கிறார்கள். தாங்காததை வைத்துக்கொண்டு நாம் டப்பா ஒட்டுகிறோம்.

காரணம் தெரியாமல் இல்லை. சாரல் மாதங்களில் குற்றாலக் கூட்டம், கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிமார் வேன்கள். யாருக்கும் இறங்கி உட்கார நேரம் கிடையாது. ‘ரெண்டு கிலோ, நாலு பாக்கெட்டா’ என்று ஜன்னல் வழியே சொல்லிவிட்டு என்ஜினை அணைக்காமல் நிற்கிறார்கள். கடைக்காரர் ஸ்டூலை எடுத்துவிட்டு ரேக் போட்டதில் என்ன ஆச்சரியம்?

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இந்த வாதமே புரியாது. பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தூரம், நாக்கு வேறு. நாலு மணிக்கு இனிப்பா என்பார்கள். அது மில் ஊர். சங்கு ஊதி ஷிப்ட் மாறுகிற நேரத்துக்குக் கணக்காக வடைச்சட்டி காய்ந்த ஊர். வேலை விட்டு வருகிறவனுக்கு வேண்டியது உறைப்பு. பஞ்சு மார்க்கெட் பக்கம் நாலு மணி ஆமவடையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது: பருப்பு பாதி அரைந்தும் பாதி முழுசாகவும், சோம்பு கொஞ்சம் தூக்கலாக, ஓரம் மொறுமொறுவென்று. அதை டீயில் முக்கித் தின்கிறவர்களைத்தான் எனக்கு ஆகாது. மொறுமொறுப்புக்காக ஒருத்தன் எண்ணெய்ச் சட்டி முன்னால் வேகிறான், நீங்கள் அதைக் கொண்டுபோய் ஊறப்போடுகிறீர்கள். என் மைத்துனர் ராஜபாளையம். அவரும் முக்குகிறவர்தான். இந்தப் பேச்சை வீட்டில் எடுப்பதில்லை.

அங்கேயும் சரிவு தொடங்கிவிட்டது. பித்தளை பாய்லர் போய் கேஸ் அடுப்பில் பால் குண்டா வந்தது, பரவாயில்லை. கண்ணாடி கிளாஸ் போனதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கிளாஸின் விளிம்பைச் சுட்டுவிரலும் கட்டைவிரலும் பிடித்து, சூட்டைக் கையாலேயே அளந்து குடித்த டீ, காகிதக் கப்பில் கிடையாது. கப்பின் பிசின் வாடைதான் முதலில் வருகிறது. பிளாஸ்டிக் பூசிய கப்புகளை அரசாங்கம் 2019இல் தடை செய்தபோது கிளாஸ் திரும்பிவிடும் என்று மகிழ்ந்தேன். கழுவ ஆள் கிடைக்கவில்லையாம். இப்போது கிளாஸ் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டால், கல்லாவுக்குக் கீழே கவிழ்த்து வைத்திருப்பதை எடுத்து, வெந்நீரில் ஒரு அலசு அலசிக் கொடுக்கிறார்கள். ஆகவே கேளுங்கள்.

இரண்டு ஊரையும் ஒரே சாயங்காலத்தில் பார்க்க நினைக்கிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்குவதே சரி. இனிப்பு முதலில், காரம் பிறகு. ராஜபாளையம் போய்ச் சேர ஐந்து ஆகிவிட்டால் வடையை விட்டுவிடுங்கள், அது ஆறியிருக்கும். பரோட்டாக் கல் காய்கிற வரை காத்திருக்கலாம். ஆடிப்பூரத் தேரன்று மட்டும் இந்தப் பக்கம் வர வேண்டாம். அன்றைக்கு எந்தச் சட்டிக்கும் பொத் சத்தம் கேட்கிற வரை பொறுமை கிடையாது.