மண்ணில் பதிந்த ஜியோபோன்

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும் நேரத்தில் எல்லோர் கண்ணும் பாறை மேல்தான். எனக்குப் பிடித்தது, பக்கத்து ஊரின் கடைசி வீட்டோரம் மண்ணில் பதிந்து நில அதிர்வை அளக்கும் ஜியோபோன். கையடக்கமான உருளை, அடியில் கூர்முனைகள், தலையில் ஓர் அம்புக்குறி. அம்பு வெடிக்குழிகள் இருக்கும் திசையைப் பார்க்க வேண்டும், மட்டம் சரியாக இருக்க வேண்டும். மண் பொலபொலவென்று இருந்தால் அளவு பொய்யாகிவிடும். அழுத்திப் பதிப்பதில்தான் கைத்திறன்.

உள்ளே சுருள்வில்லில் தொங்கும் கம்பிச்சுருள், அதன் நடுவே காந்தம். நிலம் அசைந்தால் காந்தமும் கூடவே அசையும், சுருள் தயங்கி நிற்கும். அந்த வித்தியாசமே மின்சாரமாகிறது. அதிர்வை உணர பேட்டரிகூட வேண்டாம்! எத்தனை அழகான ஏற்பாடு.

வெடிக்குழிகள் எல்லாம் ஒரே கணத்தில் வெடிப்பதில்லை. சில மில்லிசெகண்ட் இடைவெளி விட்டு வெடிக்கும். அந்த இடைவெளி பலித்ததா என்பதை ஜியோபோன் உணர்ந்த அதிர்வின் அலைக்கோடு காட்டிக்கொடுத்துவிடும். நம் நாட்டில் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997-இல் வகுத்த வரம்புப்படி, 8 ஹெர்ட்ஸுக்குக் குறைவான அதிர்வின் வேகம் ஊர் வீடுகளருகே நொடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மெதுவான அதிர்வுதான் சுவரை அதிகம் ஆட்டும். உங்கள் ஊர்ப்பக்கம் வெடி வைக்கிறார்களா? அந்த அலைக்கோட்டுத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.