பெயரிழந்த ஊர்

'மாதொருபாகன்' (2010) புதினத்திற்குத் திருச்செங்கோட்டில் எழுந்த எதிர்ப்பால் 2015 சனவரியில் பெருமாள்முருகன் எழுத்தைத் துறந்தார். 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அத்துடன் சிக்கல் தீர்ந்தது என்பாருடன் நாம் உடன்படவில்லை. அவ்வாண்டே வெளிவந்த 'பூனாச்சி' வேறு கதை சொல்கிறது. மனிதரை எழுத அஞ்சியே வெள்ளாட்டை எழுதியதாக ஆசிரியர் முன்னுரையில் உரைக்கிறார். குட்டிக்குக் காதுகுத்திப் பதிவுசெய்ய அதிகாரிகள்முன் வரிசையில் நிற்போரின் ஒடுக்கம் நுட்பமாகவே அமைந்துள்ளது. ஆயினும் முந்தைய நாவலில் திருச்செங்கோட்டுத் தேர்நோம்பியைப் பெயர்சுட்டி எழுதிய கை, இங்கே ஊரையும் சாதியையும் மறைக்கிறது. அவரது எழுத்தின் வலிமையே அந்தப் பெயர்களில்தான் இருந்தது என்பது நம் கருத்து. ஊர்க்கட்டுப்பாடு பறித்தது அதனையே. ரவாங்கிலோ கிள்ளானிலோ இந்நாவலை வெறும் உருவகக் கதையாக நடத்தும் ஆசிரியர், அவ்விழப்பை மாணவர் காணாமலே கடக்கச் செய்கிறார்.