நான்கு எழுத்துப் பாடமும் நம் ஊர்க் கடிகாரமும்

விடியற்காலை நேரம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் மும்முரமாக நடக்கிறது. கரையோரம் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த ஒருவரின் கையிலிருந்து ஊசி நழுவி விழுகிறது. எடுக்க முயல்கிறார், கை எழவில்லை. "என்னாச்சுண்ணே?" என்கிறான் பக்கத்து இளைஞன். பதில் குழறலாக வருகிறது. "ராத்திரி தூக்கமில்ல, அதான்" என்கிறார் ஒருவர். இன்னொருவர் சோடா வாங்கிவந்து வாயில் ஊற்றுகிறார். "வாதம் அடிச்சிருக்கு. எண்ணெய் தேய்ச்சா சரியாயிடும்" என்று பெரியவர் ஒருவர் சொல்ல, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறார்கள்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இப்படி நடப்பதில்லை என்று உங்களால் சொல்ல முடியுமா? அங்கே அன்புக்குக் குறைவில்லை. உரிய வேளையில் அறிவு கைகொடுக்கவில்லை. அந்த அறிவைத் தரவேண்டிய பாடம் சரியாக அமைந்திருக்கிறதா? அதையே இங்கு ஆராய்வோம்.

மூளைக்குள் நடப்பது

மனித மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் உடல் ஓய்வாக இருக்கும்போது பயன்படுத்தும் பிராணவாயுவில் சுமார் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயை உறைகட்டி அடைத்துவிட்டால், அல்லது குழாய் வெடித்துக் கசிந்தால், அதுவே பக்கவாதம். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் ஒரு நிமிடத்தில் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டுக் காட்டினார்.

அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்தை மூன்று மணி நேரத்துக்குள் செலுத்தினால் பயன் உண்டு என்பது 1995-இல் அமெரிக்க ஆய்வில் தெளிவாயிற்று. 2008-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு அந்த எல்லையை நாலரை மணி நேரமாக நீட்டியது. மெல்லிய குழாயைச் செலுத்தி உறைகட்டியையே வெளியே இழுத்துவிடும் முறையும் 2015 முதல் உறுதிப்பட்டுள்ளது. ஆனால் கசிவால் வந்த வாதத்துக்குக் கரைக்கும் மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. எது அடைப்பு, எது கசிவு என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஆகவே வீட்டில் ஆஸ்பிரின் மாத்திரை கொடுப்பதும் தவறு.

இரவல் பாடம்

இதை மக்களுக்கு உணர்த்த உலகெங்கும் பயன்படுவது 'ஃபாஸ்ட்' என்ற நான்கு எழுத்துப் பாடம். முகம், கை, பேச்சு, நேரம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்தது அது. 1990-களின் இறுதியில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், ஆம்புலன்ஸ் ஊழியர்களின் பயிற்சிக்காக உருவானது. எளியது, நினைவில் நிற்பது. அதன் பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆனால் நம்மிடம் வந்து சேர்ந்த வடிவத்தில் நான்கு குறைகளைக் காண்கிறோம்.

முதலாவது, மொழி. தமிழில் எழுதிய சுவரொட்டியிலும் அந்த ஆங்கில எழுத்துகளே கொட்டை வடிவில் நிற்கின்றன. ஆங்கிலம் அறியாதவருக்கு அவை வெறும் கோடுகள். வாய் கோணுதல், கை சரிதல், நாக்குக் குழறுதல் என்று வட சென்னை மக்கள் நாள்தோறும் வழங்கும் சொற்கள் இருக்க, இரவல் எதற்கு?

இரண்டாவது, பெயர். பக்கவாதம், முகவாதம், முடக்குவாதம், இளம்பிள்ளைவாதம் என எல்லாவற்றையும் 'வாதம்' என்றே வழங்குகிறோம். முடக்குவாதம் மூட்டு நோய். இளம்பிள்ளைவாதம் கிருமியால் வருவது. பெயர் ஒன்றாக இருப்பதால் வைத்தியமும் ஒன்றுதான் என்று நினைத்து எண்ணெயைத் தேடுகிறோம். விழுந்தது கை, பழுதுபட்டதோ மூளை. இந்த ஒரு வாக்கியத்தைச் சுவரொட்டிகள் முதலில் சொல்லவேண்டாமா?

மூன்றாவது, விடுபட்டவை. திடீர்த் தள்ளாட்டமும் திடீர்ப் பார்வைக் குறைவும் இந்தப் பாடத்தில் இல்லை. இந்த நான்கெழுத்துச் சோதனையில் சுமார் 14 விழுக்காடு நோயாளிகள் தப்பிவிடுகிறார்கள் என்று 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. நம் ஊரில் தள்ளாடுபவரைக் 'குடித்திருக்கிறார்' என்று ஒதுக்கிவிடுவது எவ்வளவு எளிது!

நான்காவதும் பெரியதுமான குறை, நேரம். 'விரைந்து செல்க' என்று பாடம் சொல்கிறது. ஆனால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்பது. காலையில் எழும்போதே கை விழுந்திருந்தால் கணக்கு எழுந்த நேரத்திலிருந்து அல்ல, இரவு நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்கும். கடிகாரம் பார்க்காதவர்களிடமும் இதற்கு விடை உண்டு. "இரண்டாம் ஷிப்ட் ஏறும்போது நன்றாகப் பேசினார்", "படகு கரை சேர்ந்தபோது அவர்தான் கூடையைத் தூக்கினார்" என்று திருவொற்றியூர்த் தொழிலாளியும் காசிமேட்டு மீனவரும் சொல்வார்கள். அது போதும். ஆனால் நோயாளியோடு ஆஸ்பத்திரிக்கு வருபவர், அவர் விழுந்ததைப் பார்த்தவராக இருக்கவேண்டும். அல்லது அவரது தொலைபேசி எண்ணையாவது கொண்டுவரவேண்டும்.

யாருக்குப் பாடம்?

பக்கவாதம் வந்தவரால் பெரும்பாலும் தாமே உதவி கேட்க முடிவதில்லை. ஆகவே பாடம் பக்கத்தில் இருப்பவருக்கே உரியது. எண்ணூரில் உடன் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளி, டீக்கடைக்காரர், லாரி கிளீனர், பள்ளி மாணவர் எல்லோரும் அதில் அடக்கம். பேச்சைச் சோதிக்கக் கடினமான சொல் எதுவும் வேண்டாம். ழகரம் வராத நாக்கு நோயுற்ற நாக்கு அல்ல! "இது அவர் வழக்கமாகப் பேசும் பேச்சா?" என்று வீட்டாரைக் கேட்டால் போதும்.

தெருமுனை மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் பாடம் உண்டு. சர்க்கரை தாழ்ந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றலாம். ஒரு துளி இரத்தத்தில் அதைப் பார்த்துவிடலாம். குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். ஸ்கேன் வசதியில்லாத இடங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் இயங்குகிறது. ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனைக்கு நேரே அனுப்பி, முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லிவிடுவதே முறை. கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர்ச் சாலையில் ஏற்கெனவே பாதி நேரம் பறிபோகிறது. மீதியை நாமும் பறிக்கலாமா?

கை விழுந்து சில நிமிடங்களில் தானே சரியாகிவிட்டால் "நல்லவேளை" என்று வீடு திரும்பாதீர்கள். அது எச்சரிக்கை மணி. அடுத்த இரண்டு நாட்களில்தான் ஆபத்து மிக அதிகம். அன்றே மருத்துவரைப் பார்க்கவேண்டும். இரத்தக் கொதிப்பே பக்கவாதத்தின் முதன்மைக் காரணம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. தலைவலி இல்லை என்பதற்காக அதை நிறுத்துவது கூரை ஒழுகவில்லை என்று ஓட்டைப் பிரித்தெறிவது போலாகும்.

மாணவ நண்பர்களே, அடுத்த சுவரொட்டியை நீங்களே எழுதிப் பாருங்கள்: "வாய் கோணினால், கை சரிந்தால், நாக்குக் குழறினால், கால் தள்ளாடினால், கண் மங்கினால், திடீரென இவற்றில் ஒன்று நேர்ந்தாலும், வாயில் எதுவும் ஊற்றாதே, மணியைப் பார், 108-ஐ அழை." இதில் ஆங்கில எழுத்து ஒன்றுகூட இல்லை. காசிமேட்டு ஏலக் களத்தில் உரக்கப் படித்தாலும் எல்லோருக்கும் புரியும்.