வாய்மொழியும் வரலாறே

ஒல்லாந்தர் ஆட்சியில் அதிகாரியொருவரின் வேண்டுகோளுக்கிணங்க மயில்வாகனப் புலவர் இயற்றிய 'யாழ்ப்பாண வைபவமாலை' அரசர்களின் கதையைப் பேசுகிறது. அவ்வரசர்களின் மண்ணில் துலா மிதித்தவனும், பனையேறியவனும், கரைவலை இழுத்தவனும் தம் கதையைத் தாமே சொல்ல அங்கே இடமில்லை.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவ்விழப்பை உலகறியும். எழுதப்படாத நூல்கள் நாள்தோறும் ஓசையின்றி அழிகின்றனவே, அதை யார் அறிவார்? 1966 ஒக்டோபர் 21 அன்று தீண்டாமைக்கெதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலமாக நடந்த இளைஞர்கள் இன்று எண்பதை அண்மிய முதியவர்கள். அவர்கள் மறைந்தபின் துண்டுப்பிரசுரங்கள் எஞ்சலாம். அன்று நெஞ்சிலிருந்த அச்சமும் வீறும் எஞ்சுமா?

2005 இல் தொடங்கிய நூலகத் திட்டம் ஏடுகளைப் பேணுவதோடு அமையாது, வாய்மொழி வரலாறுகளையும் பதிவுசெய்து வருவதை இதனாலேயே வரவேற்கிறோம்.

நினைவு பிழைபடும் என்பர் சிலர். உண்மைதான். ஏடெழுதியவனின் சார்பு மட்டும் பிழையன்றோ? இரண்டையும் ஒப்புநோக்கி உண்மை காண்பதே ஆய்வாளன் கடன்.

எனினும் ஒன்றை வற்புறுத்த வேண்டும். புலவரையும் அதிபரையும் மட்டுமே பேசவிட்டால் அது வைபவமாலையின் மறுபதிப்பாகவே முடியும். உழைப்பவனின் பேச்சு, அவன் வழக்கிலேயே, திருத்தப்படாமல் பதிவாக வேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் ஊரில் சுருட்டுக் கொட்டிலில் உழைத்த முதியவர் ஒருவர் இன்னும் இருப்பார். அவரிடம் செல்லுங்கள், கேளுங்கள். அவர் சொல் ஏடேறும் நாளிலேதான் நம் வரலாறு முழுமை பெறும்.