இறையச்சம்: ஒரு சொல்லின் எல்லை

'தக்வா' எனும் அறபுச் சொல்லுக்கு நிகராகத் தமிழ் முஸ்லிம்களின் எழுத்திலும் மேடையிலும் நிலைபெற்றுவிட்ட சொல் 'இறையச்சம்'. பழக்கம் மிகுந்ததால் அதன் பொருத்தத்தை நாம் ஆராய்வதில்லை. ஆனால் இம்மொழிபெயர்ப்பு, ஒரு செயலைக் குறித்த சொல்லை ஓர் உணர்ச்சியின் பெயராகச் சுருக்கிவிடுகிறது.

தக்வாவின் வேர் வாவ், காஃப், யா என்பன. காத்தல் என்பதே அவ்வேரின் அடிப்படைப் பொருள். வெப்பத்திலிருந்து மனிதரைக் காக்கும் ஆடைகளைத் திருக்குர்ஆன் (16:81) குறிப்பிடுமிடத்தில் வரும் வினையும் இவ்வேரிற் பிறந்ததே. தக்வாவையே ஆடையாக உருவகிக்கும் வசனமும் (7:26) உண்டு. அஞ்சப்படுவதிலிருந்து தன்னைக் காப்பில் வைத்தலே தக்வா என விளக்கும் ராகிப் அல்இஸ்ஃபஹானி, அச்சமும் சிலவேளை அப்பெயர் பெறும் என்கிறார். ஆக, அச்சம் இங்கு வழிவந்த பொருளே.

அச்சத்தைக் குறிக்கத் திருமறையில் 'கவ்ஃப்', 'கஷ்யத்' எனத் தனிச் சொற்கள் உள்ளன. அறிந்தோரின் உள்ளத்தில் எழுவதாக 35:28 கூறுவது கஷ்யத்தையே. தமிழிலோ இம்மூன்றும் 'அச்சம்' என்ற ஒன்றில் கரைந்துபோயின.

தமிழ்ச் சொல்லுக்கும் தனி வரலாறு உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை எனும் நான்கைச் சொல்கிறது. அங்கே 'இறை' என்பது அரசன் போன்ற மேலோர். தண்டிக்கும் அதிகாரத்தின்முன் நடுங்கும் அந்தப் பழஞ்சாயலை 'இறையச்சம்' இன்றும் முற்றிலும் உதறிவிடவில்லை.

இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. நோன்பின் பயனாகத் திருமறை (2:183) கூறுவது தக்வாவை. நபி (ஸல்) அவர்களோ நோன்பைக் கேடயம் என்றார்கள். காப்பு என்ற பொருளில் இவ்விரண்டும் ஒன்றையொன்று விளக்குகின்றன. அச்சம் என்று கொண்டால் அவ்வுறவு மறைந்துவிடுகிறது. முட்பாதையில் ஆடையைச் சுருக்கிக்கொண்டு கவனமாக நடப்பதே தக்வா என உமர் (ரலி) அவர்களுக்கு உபை இப்னு கஅப் (ரலி) உணர்த்தியதாக இப்னு கஸீர் எடுத்துரைக்கிறார். அப்பாதையில் நடப்பவன் அஞ்சி நின்றுவிடுவதில்லை, விழிப்போடு முன்செல்கிறான். அச்சத்தை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைக்கு இந்த நடை வாய்ப்பது அரிது.

'இறையச்சம்' என்ற சொல்லை விலக்க வேண்டியதில்லை. கஷ்யத்துக்கு அது பொருந்தும். தக்வாவுக்கோ நம் பெரியோர் பேச்சிலேயே ஒரு சொல் உண்டு. மார்க்க ஒழுக்கம் காப்பவரைப் 'பேணுதலானவர்' என்பர். பேணுதல் என்பதில் காப்பும் உண்டு, அன்பும் உண்டு. மேடைத் தமிழ் மறந்ததை வீட்டுத் தமிழ் காத்து வைத்திருக்கிறது.